கோடையில் விருந்தாளிக்கு ஒரு தம்ளர்

சித்திரை பிறந்துவிட்டால் போதும், வாசல் மணி அடித்ததும் "வந்திருப்பது யார்?" என்று யோசிப்பதற்கு முன்பே "குடிக்க என்ன கொடுப்பது?" என்ற கவலை வந்துவிடுகிறது. ஒருவர் இருவர் என்றால் சமாளித்துவிடலாம். வளைகாப்பு, நிச்சயதார்த்தம், காது குத்து என்று 50, 60 பேர் கூடும் நாளில்தான் நம்முடைய சாமர்த்தியமும் வெளியாகும், அசட்டுத்தனமும் வெளியாகும். சகோதரிகளே, என் அசட்டுத்தனம் வெளியான கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கைக்கு வளைகாப்பு. கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. "நீர்மோரும் பானகமும் தண்ணீர்ப் பந்தல் சமாசாரம். சம்பந்தி வீட்டார் என்ன நினைத்துக்கொள்வார்கள்?" என்று நானே தீர்மானம் செய்து, வளையலுக்கும் பூவுக்கும் ஒதுக்கிய பணத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துக் கலர் பாட்டில்களாக வாங்கி அடுக்கிவிட்டேன். "ஒரு பாத்திரம் மோரும் கரைத்து வைப்போமே" என்றாள் அம்மா. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குழந்தைகள் ஆளுக்கு மூன்று தம்ளர் குடித்துத் தீர்த்தார்கள். பெரியவர்கள் மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்கள். ஜன்னல் விளிம்பிலும் நாற்காலிக்கு அடியிலும் அரைத் தம்ளர், முக்கால் தம்ளர் என்று நின்றவற்றை எறும்பு மொய்ப்பதற்குள் நான் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, தங்கையின் மாமியார் மெதுவாகச் சமையலறைக்கு வந்தார்.

"ஏம்மா, ஒரு வாய் மோர் கிடைக்குமா? எனக்குச் சர்க்கரை உண்டு. அதெல்லாம் குடிக்கக் கூடாது. காலையிலிருந்து நாக்கு வறண்டு கிடக்கு" என்றார்.

குளிர்பெட்டியில் இருந்தது ஒரு கிண்ணம் தயிர். அதைக் கரைத்துக் கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டு, "அப்பாடா!" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. அந்த "அப்பாடா" எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்று நான் செய்த தவறு பாட்டில் வாங்கியதல்ல. குடிக்கப்போகிறவர்கள் யார் என்று ஒரு நிமிஷம் யோசிக்காமல் வாங்கியதுதான். பாட்டிலில் வரும் இனிப்புக் கலர்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு பெரிய தம்ளருக்கு நாலைந்து தேக்கரண்டி! பாட்டிலின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தரம் படித்துப் பாருங்கள்.

இப்போது மோருக்கு வருவோம். ஒரு லிட்டர் பாலைத் தோய்த்தால் கிடைக்கும் தயிருக்கு மூன்று லிட்டர் தண்ணீர் தாராளமாகத் தாங்கும். 200 மில்லி தம்ளரில் ஊற்றினால் 20 பேருக்கு வரும். அதாவது, 60 பேருக்கு மூன்று லிட்டர் பால்! கணக்கைப் பார்த்தால் நம்பவே தோன்றாது. ஆனால் கோடைத் தயிர் பொல்லாதது. ஐந்தாறு மணி நேரத்தில் தோய்ந்துவிடும். இன்னும் கொஞ்சம் அசந்தால் புளித்து, வந்தவர் முகத்தைச் சுளிக்க வைக்கும். ஆகையால் முதல்நாள் மாலையில் தோய்த்து, உறைந்ததும் குளிர்பெட்டிக்குள் தள்ளிவிடுங்கள். கடைந்து தண்ணீர் விடுவதை விருந்தினர் வருவதற்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டால் போதும். இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி நாலையும் உப்புடன் நசுக்கிச் சேர்த்து, பெருங்காயம் ஒரு சிட்டிகை போட்டு, வடிகட்டிவிடுங்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் குடிக்கிற பெரியவர்களுக்குத் தொண்டையில் மிளகாய்த் துணுக்கு மாட்டிக்கொண்டால் விசேஷ வீடு அமர்க்களப்பட்டுவிடும். கடுகு தாளிப்பது வீட்டுக்கு அழகு, கூட்டத்துக்கு வேண்டாம். முதல் நாலு தம்ளரில் மிதந்து போய்விடும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்காக உப்பில்லாத மோர் ஒரு கூஜாவில் தனியாக இருக்கட்டும்.

பானகம் ஸ்ரீராமநவமிக்கு மட்டும் என்று யார் எழுதி வைத்தார்கள்? ஒரு லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் வெல்லம், சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டி, நாலு ஏலக்காய், ஒரு எலுமிச்சம்பழம். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டிய பிறகுதான் மற்றதெல்லாம். கோடையில் எலுமிச்சம்பழம் விலை ஏறிவிட்டால் கவலைப்படாதீர்கள். கொட்டைப்பாக்களவு புளியைக் கரைத்து விட்டாலும் பானகம் பானகம்தான். "வெல்லந்தானே, சர்க்கரைக்காரர்களுக்கு ஒன்றும் செய்யாது" என்று மட்டும் யாரையும் வற்புறுத்தாதீர்கள். செய்யும். வெல்லமும் சர்க்கரைதான், தேனும் அப்படித்தான். புளிப்பு சேர்ந்த எதையும் ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வைக்க வேண்டாம். மோருக்கும் இது பொருந்தும்.

கொஞ்சம் பெருமையாகக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு நன்னாரி இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் 100 கிராம் வேர் வாங்கி, நன்றாகக் கழுவி, லேசாகத் தட்டி, உள்ளேயிருக்கும் கட்டைக் குச்சியை எறிந்துவிடுங்கள். வாசனை எல்லாம் மேல்பட்டையில்தான். ஒரு லிட்டர் கொதித்த நீரில் இரவு முழுவதும் மூடி ஊற வைத்து, காலையில் வடிகட்டி, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்துப் பாகாகக் காய்ச்சுங்கள். வேரையே போட்டு மணிக்கணக்கில் கொதிக்க விடுகிறவர்கள் உண்டு. அடுத்த வீட்டுக்கு வாசனை போகும், சர்பத்தில் இருக்காது! வீட்டில் காய்ச்சினது தேன் நிறத்தில் இருக்கும். கடையில் வாங்குவது கறுகறுவென்று இருந்தால் சீட்டைப் படியுங்கள்; சேர்த்திருக்கும் நிறமும் எசென்ஸும் அதில் இருக்கும். 150 மில்லித் தம்ளருக்கு இரண்டு மேஜைக் கரண்டி பாகு போதும். தம்ளர் சிறியதாக இருந்தால் வீணாகாது. வேண்டுமென்றால் இன்னொன்று கேட்கட்டுமே!

மதுரைக்காரர்கள், "எங்கள் ஜிகர்தண்டாவை மறந்துவிட்டீர்களே" என்று சண்டைக்கு வருவார்கள். பாதாம் பிசினும், பாலும், நன்னாரியும், ஐஸ்கிரீமும் சேர்ந்த அந்த அமிர்தத்தைக் குடித்தபின் யாருக்கும் சாப்பாடு இறங்காது. மாலையில் கடைக்கே போய்ச் சாப்பிட வேண்டிய பண்டம் அது.

எதற்கு எது என்று கேட்கிறீர்களா? இலைபோட்டுப் பாயசத்துடன் விருந்து என்றால், வந்தவுடன் சிறிய தம்ளரில் நன்னாரியோ பானகமோ கொடுங்கள். மோர்தான் இலையிலேயே வரப்போகிறதே. பஜ்ஜி, போண்டா டிபனுக்கு உப்புப் போட்ட எலுமிச்சை ரசம். பிரியாணிக்கு இனிப்பு எதுவும் ஒட்டாது. புதினா தட்டிப்போட்ட மோர் கனத்தைக் கரைக்கும். இளநீர் எல்லாருக்கும் நல்லது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

கடைசியாக ஐஸ். ஒரு காலத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலிருந்து கப்பலில் சென்னைக்கு ஐஸ்கட்டி வந்து இறங்கியது. அதைச் சேமித்து வைக்க 1842-ல் கடற்கரையில் கட்டிய ஐஸ்ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். இன்று தெருமுனையிலேயே பாறைபாறையாகக் கிடைக்கிறது. ஆனால் மீன் பெட்டிக்குப் போகிற அந்தக் கட்டியை உடைத்துச் சர்பத்தில் போட்டுவிடாதீர்கள். கொதிக்கவைத்து ஆறிய நீரை நாலு நாள் முன்பிருந்தே வீட்டுத் தட்டில் உறைய வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். மண்பானையும் கைகொடுக்கும்; ஈர மணல்மேல், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பானையின் மேல் கசியும் நீர் உலரும்போதுதான் உள்ளே குளிரும். அதனால்தான் மதுரையில் ஜில்லென்றிருக்கும் பானை, புழுங்கும் சென்னையில் அத்தனை குளிருவதில்லை. பானையின்மேல் குற்றமில்லை.

அடுத்த சித்திரையில் தங்கையின் குழந்தைக்குக் காது குத்து. மூன்று லிட்டர் பால் தோய்த்தேன். சம்பந்தி அம்மாள் இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, இஞ்சி எவ்வளவு போட்டேன் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரர் வந்து பார்த்தபோது பாத்திரத்தில் ஒரு சொட்டு மிச்சமில்லை. குழந்தைகளுக்காக வாங்கி வைத்ததில் மிஞ்சிய ஒரு கலர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன், முணுமுணுத்துக்கொண்டே குடித்தார்.