மழைக்கு முன் ஒரு தீர்மானம்



கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் வாழும் என் சகோதரியின் மகன், சென்ற நவம்பரில் தொலைபேசியில் பேசியபோது, "மாமா, இந்த வாரத்துக்குள் காரின் நான்கு டயர்களையும் மாற்றியாக வேண்டும், டிசம்பர் பிறந்துவிட்டால் போலீஸ் பிடித்துக்கொள்ளும்" என்றான். தேய்ந்துவிட்டனவோ என்று வினவினேன். "இல்லை மாமா, நல்ல டயர்கள்தாம். ஆனால் அவை கோடைக்கு உரியவை, பனிக்கு வேறு டயர்" என்றான்.

அவன் வாழும் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் பூட்டாமல் காரை எடுக்கலாகாது என்பது சட்டம். மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். ஜெர்மனியில் தேதி குறிக்கப்படவில்லை. சாலையில் பனியோ உறைந்த நீரோ இருந்தால் குளிர்கால டயர் இருந்தே தீர வேண்டும் என்று 2010 முதல் விதி உள்ளது. அத்தகைய டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரங்கள் கொண்ட ஒரு மலையும், அதனுள் ஒரு பனித்துளிப் பூவும் பொறிக்கப்பட்டிருக்கும்.

காரணம் எளிது. வெப்பம் ஏழு டிகிரிக்குக் கீழே இறங்கும்போது சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் போகிறது. இறுகிய ரப்பர் சாலையைப் பற்றுவதில்லை. குளிர்கால டயரின் ரப்பரோ அக்குளிரிலும் இளகியே இருக்கும். அதன் முகப்பில் மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் இருந்து பனியைக் கவ்விப் பிடிக்கும். அதே டயரை நம் சித்திரை வெயிலில் ஓட்டினால் விரைவாகத் தேய்ந்து போகும். ஆகவே டிசம்பரில் ஊட்டிக்குச் செல்வோர்கூட அதனைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தவன் இறுதியில் ஒன்று கேட்டான்: "நம் ஊரில் மழைக்காலம் வருகிறதென்று யாராவது டயரைப் பார்ப்பார்களா, மாமா?"

அதற்கு முந்தைய மாதம் சோழபுரத்தில் நிகழ்ந்த ஒன்று என் நினைவுக்கு வந்தது.

இராசபாளையத்தை அடுத்த சோழபுரத்தில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். சிறு வியாபாரி. பத்தாண்டுகளைக் கடந்த சிறிய கார் ஒன்று வைத்திருக்கிறார். அக்டோபர் இறுதியில் கடையநல்லூரில் அவருடைய தங்கை மகளின் நிக்காஹ். மனைவி, இரு பிள்ளைகள், வயது முதிர்ந்த அத்தா ஆகியோருடன் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வழியாகச் சென்றுவர வேண்டும். நம் பகுதிக்குப் பெருமழை தருவது தென்மேற்குப் பருவக்காற்றன்று. அதனை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றே நமக்குக் கண்மாய் நிறைப்பது. திருமணமும் மழையும் ஒரே மாதத்தில் வந்து நின்றன.

முன் டயர்கள் இரண்டும் ஏறக்குறைய மொட்டையாகிவிட்டன. பஞ்சர் கடைக்காரர் தட்டிப் பார்த்து, "இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடும், பாய்" என்றார். இரண்டு டயர் வாங்க எட்டாயிரம் ரூபாய்க்குக் குறையாது. சீர் வரிசை, புத்தாடை என்று கை இறுகிய நேரம். தை மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நண்பர் தீர்மானித்தார். அதைக் கேட்ட அவருடைய துணைவியார், "என்னங்க, மழையெல்லாம் பெய்து முடிந்த பிறகா மழைக்கு டயர் வாங்குவது?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் அவரை என்னிடம் அழைத்து வந்தது. வாகனத் துறையில் சில காலம் பணியாற்றியவன் என்பதால் இருவருமாகக் காரின் அருகே அமர்ந்து பார்த்தோம். நாங்கள் பார்த்த முறையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டு வாகனத்துக்கும் அது பொருந்தும்.

முதலாவது, ஆழம். டயரின் முகப்பில் உள்ள பள்ளங்கள் அழகுக்காக அமைந்தவை அல்ல. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவே. மழைநீரை அந்த உள்ளங்கையின் அடியிலிருந்து அள்ளி வெளியேற்றும் வாய்க்கால்களே அப்பள்ளங்கள். வாய்க்கால் தூர்ந்தால் வயலில் நீர் தேங்குவது போல, பள்ளம் தேய்ந்தால் டயரின் அடியில் நீர் தேங்கும். அப்போது டயர் சாலையின் மீது ஓடாது. நீரின் மீது மிதக்கும். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இருந்தும் இல்லாதவையே. சராசரிக் காற்றழுத்தமுள்ள கார் டயர், தேங்கிய நீரில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்தில் முழுமையாக மிதக்கத் தொடங்கும் என்பது 1960-களில் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா விமானச் சக்கரங்களைக் கொண்டு கண்டறிந்த சூத்திரத்திலிருந்து பெறப்படுவது. தேய்ந்த டயர் அதற்கும் குறைந்த வேகத்திலேயே பிடியை இழக்கத் தொடங்கிவிடும்.

புதிய கார் டயரின் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர். நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளின்படி காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதனை அறியக் கருவி வேண்டியதில்லை. பள்ளங்களின் அடியில் ஆங்காங்கே குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். டயரின் முகப்பு தேய்ந்து அம்மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. ஆனால் ஒன்றை உணர வேண்டும்: 1.6 என்பது சட்டத்தின் கடைசி எல்லை. மழைக்குப் போதுமான அளவு அன்று. ஆஸ்திரிய நாட்டில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த குளிர்கால டயரைக் குளிர்கால டயராகவே கணக்கில் கொள்வதில்லை. நாமும் 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றத்தைப் பற்றி எண்ணத் தொடங்குவது நன்று. நண்பரின் முன் டயர்களில் மேடுகள் முகப்பைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கலாம், வெயிலில்.

இரண்டாவது, வயது. "ஸ்டெப்னி புதிதாகவே இருக்கிறதே, அதையாவது முன்னால் பூட்டிக்கொள்ளலாமா?" என்றார் நண்பர். பார்வைக்குப் புதிதுதான், பட்டன் சிறிதும் தேயவில்லை. பக்கவாட்டைத் துடைத்துப் பார்த்தேன். அங்கே நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 1814. அதாவது 2014-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு மூப்பு உண்டு. வெயிலும் காற்றும் அதை இறுகச் செய்து வெடிப்பு விழ வைக்கும். ஐந்து ஆண்டுகளைக் கடந்த டயரை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும்; பத்து ஆண்டுகளைக் கடந்ததைப் பட்டன் இருந்தாலும் கழித்துவிட வேண்டும். புதிய டயர் வாங்கும்போதும் கடையிலேயே இந்த நான்கு இலக்கங்களைப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, இடம். புதிய இரண்டையும் முன்னால் பூட்டச் சொன்னார் நண்பர். "ஸ்டீயரிங் முன்னால்தானே இருக்கிறது?" என்பது அவர் வாதம். பெரும்பாலோரும் அப்படியே எண்ணுகிறோம். உண்மை வேறு. ஈரச் சாலையில் முன் சக்கரம் வழுக்கினால் ஓட்டுபவரின் கைக்கு அது தெரியும்; வேகத்தைக் குறைத்தால் பிடி திரும்பும். பின் சக்கரம் வழுக்கினாலோ வண்டி தன்னைத்தானே சுற்றிவிடும். தேர்ந்த ஓட்டுநருக்கும் அதை அடக்குவது அரிது. ஆகவே இரண்டு மட்டும் வாங்கும் நிலையில் புதியவை பின்னால் செல்ல வேண்டும். நண்பரின் பின் டயர்கள் நான்கு ஆண்டுப் பழையவை. ஆழம் பாதி இருந்தது. அவற்றை முன்னுக்குக் கொண்டுவந்தோம்.

நான்காவது, காற்று. கார் நிறுவனம் குறித்த அளவு ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவு காற்றுப் பிடிக்க வேண்டும். "மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும்" என்பது தவறான எண்ணம்; காற்று குறைந்தால் டயர் இன்னும் எளிதில் மிதக்கும்.

"அல்லாஹ் காப்பான்" என்று சொல்லி மொட்டை டயருடன் பயணம் புறப்படுவோர் நம்மில் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்று நாம் மதரஸாவில் ஓதிய காலத்திலேயே கேட்டிருக்கிறோம். அந்தக் காரில் அமரும் முதியவரும் பிள்ளைகளும் ஓட்டுபவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அன்றோ?

டயரை மாற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் எண்ணிவிடலாகாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அத்தகைய மழைக்கு ஏற்ற டயர் உலகில் இல்லை. வீட்டில் இருப்பதே விவேகம். மற்றைய மழையிலும் வேகத்தைக் குறைத்து, முன்செல்லும் வண்டிக்கு இரு மடங்கு இடைவெளி விடுங்கள். குறிப்பாக முதல் மழையன்று, பல மாதம் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து சாலையை வழுக்குப் பாறையாக்கிவிடும்.

நண்பர் புத்தாடைச் செலவில் தமக்கு எடுக்க எண்ணியதை நிறுத்தி, சிறிது கடனும் பெற்று, டயர் வாங்கினார். நிக்காஹ் முடிந்து திரும்பிய இரவில் புளியங்குடியிலிருந்து இராசபாளையம் வரை விடாத மழை. மெதுவாக ஓட்டி வந்து சேர்ந்தார்கள். மறுநாள் அவரைச் சந்தித்தபோது, பயணம் எப்படி என்று கேட்டேன். "சொல்வதற்கு ஒன்றுமில்லை பாய், பிள்ளைகள் வழியெல்லாம் உறங்கிக்கொண்டே வந்தார்கள்" என்றார். அல்ஹம்துலில்லாஹ்!

பனி நாட்டில் சட்டம் நாள் குறித்துத் தருகிறது. நமக்கு அப்படி நாள் குறிப்பார் இல்லை. நாமே குறித்துக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் புரட்டாசி பிறந்ததும் ஒரு காலைப் பொழுதில், வீட்டு வாகனத்தின் ஐந்து டயர்களையும் குனிந்து பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.