சாலை நடுவே நிற்கும் அரளி



சித்திரை வெயிலில் நாற்கரச் சாலையில் பயணம் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். ஓரத்துப் புல்லெல்லாம் கருகிக் கிடக்கும். நடுத்திட்டில் அரளி மட்டும் பச்சை மாறாமல் பூத்து நிற்கும். கீழே தார் கொதிக்கிறது. இரண்டு பக்கமும் லாரிகள் அனலை வாரி இறைத்துவிட்டுப் போகின்றன. அந்த இலை எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

இதற்கான விடையை நான் முதன்முதலில் பார்த்தது கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில். கேரட் துண்டைப் பிளந்து, நடுவில் அரளி இலையைச் செருகி, சவர பிளேடால் குறுக்கே சீவச் சொன்னார்கள். முதலில் சீவியதெல்லாம் தடித்துப்போனது. கடைசியில் கண்ணாடி போல் மெலிந்த ஒரு சீவல் கிடைத்தது. அதைப் பிரஷ் முனையால் எடுத்து, சஃப்ரனின் சாயத்தில் நனைத்து நுண்ணோக்கியில் வைத்தேன். இன்றைக்கும் அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை.

பெரும்பாலான இலைகளின் கனம் அரை மில்லிமீட்டருக்குள்தான். அதற்குள் ஒரு முழு வீடே இருக்கிறது. மேலே மெழுகு பூசிய புறத்தோல். அதன் அடியில், நெருக்கி நட்ட கம்பங்கள் போல பாலிசேட் செல்கள்; பசுங்கணிகங்கள் மிகுதியாக இருப்பதும் வெயிலை வாங்கி உணவு சமைப்பதும் பெரும்பாலும் இங்கேதான். அதற்கும் கீழே, இடைவெளி விட்டு அடுக்கிய ஸ்பாஞ்சி செல்கள். காற்று உலவ இடம். நடுவே நரம்புகள். அவற்றில் சைலம் தண்ணீரைக் கொண்டுவர, புளோயம் சர்க்கரையை வெளியே எடுத்துச் செல்கிறது. அடித்தோலில் இலைத்துளைகள், ஒவ்வொன்றையும் திறந்து மூட இரண்டிரண்டு காப்புச் செல்கள்.

துளை திறந்தால் கரியமில வாயு உள்ளே வரும். அதே வழியாகத் தண்ணீர் ஆவியாகப் போய்விடும். ஒரே ஒரு கரியமில வாயு மூலக்கூறை வாங்க, சாதாரணச் செடி நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகளை இழக்கிறது. மூடியே வைத்தால் பட்டினி, திறந்தே வைத்தால் தாகம். செடியின் வாழ்க்கையே இந்த இழுபறிதான்.

அரளி இதைச் சமாளிக்கும் விதம்தான் என்னை அன்று வாயடைக்க வைத்தது. அதன் புறத்தோல் ஒற்றை அடுக்கு அல்ல. இரண்டு மூன்று அடுக்கு, மேலே தடித்த மெழுகுப் படலம். பாலிசேட் செல்கள் மேல்பக்கம் மட்டுமல்ல, அடிப்பக்கமும் உண்டு. இலைத்துளைகளோ வெளியே தெரியவே தெரியாது. இலையின் அடிப்பக்கத்தில் ஆங்காங்கே குழிகள். குழிக்குள் மெல்லிய முடிகள். அந்த முடிகளுக்கு நடுவே ஒளிந்தபடி துளைகள். வெளிக்காற்று நேரே வந்து அடிக்காததால் குழிக்குள் ஈரம் தங்கும். கனத்த இலையில் கரியமில வாயு ஆழம் வரை போய்ச்சேரவும் இந்தக் குழிகள் உதவுகின்றன என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

தாவரங்களின் உள்ளமைப்பை 17ஆம் நூற்றாண்டில் முதன்முதலாக விரிவாக வரைந்து காட்டியவர்கள் இத்தாலியின் மால்பீகியும் இங்கிலாந்தின் குரூவும். இருவருமே மருத்துவர்கள். மனித உடலைப் படித்த கண்ணோடு இலையையும் தண்டையும் பார்த்தார்கள்.

ஆனால் நம் பிள்ளைகளுக்கு இலையின் குறுக்குவெட்டு என்பது தேர்வுக்கு வரைந்து பாகம் குறிக்கும் ஒரு படம். ஓர் இலையைக்கூடச் சீவிப் பார்க்காமலே பலர் அதில் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இந்த இதழின் நடுப்பக்கங்களை இலைகளுக்கே கொடுத்திருக்கிறோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாதம் ஒரு வகுப்பையாவது ஆய்வகத்துக்கு அழைத்துப் போங்கள். செம்பருத்தி இலையில் தொடங்கலாம். ரியோ செடி இருந்தால் அடித்தோலை உரித்தாலே இலைத்துளைகள் அழகாகத் தெரியும். அரளி முழுக்க விஷம். அதை நீங்களே சீவிக் காட்டுங்கள், பால் பட்ட கையை உடனே கழுவுங்கள். பிள்ளைகள் நுண்ணோக்கியில் கண்டதைக் கண்டபடி பென்சிலில் வரைந்து எங்களுக்கு அனுப்பட்டும். பாடநூல் படத்தைப் பார்த்து வரைந்தது வேண்டாம். கோணலாக இருந்தாலும் சொந்தக் கண்ணால் பார்த்து வரைந்ததையே அடுத்த இதழில் அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்