பத்து விழுக்காட்டு ஆன்மா

சினிமாத் துறையைக் கிண்டல் செய்து ஒரு நாடகமோ படமோ வந்துவிட்டால் போதும், நம் இளைய வாசகர்கள் உடனே அதைக் 'கலகம்' என்று கொண்டாடிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. சினிமாக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பதைப் போலப் பாதுகாப்பான வேலை வேறு கிடையாது. அந்தச் சிரிப்புக்கும் அவர்களே டிக்கெட் விற்றுவிடுவார்கள்.

சந்தேகம் இருந்தால், ஜார்ஜ் ஆக்ஸல்ராட் எழுதிய 'வில் சக்சஸ் ஸ்பாயில் ராக் ஹண்டர்?' நாடகத்துக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 1955 அக்டோபரில் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறி 444 காட்சிகள் ஓடிய அங்கத நாடகம் அது. சினிமாப் பத்திரிகையில் எழுதும் ஒருவன், ஹாலிவுட்டில் பெரிய ஆளாகத் துடிக்கிறான். சாத்தான் அவனைத் தேடி வருகிறது, கொம்பும் வாலும் இல்லாமல், ஓர் ஏஜெண்டாக. ஏஜெண்ட் கமிஷன் பத்து விழுக்காடுதானே? இங்கே ஒவ்வோர் ஆசைக்கும் ஆன்மாவில் பத்து விழுக்காடு.

இந்தக் கணக்குதான் நாடகத்தின் உயிர். சமரசம் என்றதும் நாம் ஒரு பெரிய தருணத்தைக் கற்பனை செய்துகொள்கிறோம். நள்ளிரவு, நடுங்கும் கை, ஒரு கையெழுத்து. நிஜத்தில், "சார், இந்த ஒரு வசனத்த மட்டும் மாத்திக் குடுத்துடுங்க" என்றுதான் ஆரம்பிக்கும். பத்து போனால் என்ன, தொண்ணூறு மிச்சம் இருக்கே என்று மனசு சமாதானம் சொல்லும். அடுத்த முறையும் அதே சமாதானம்.

ஆக்ஸல்ராட் வெளியே நின்று கல் எறிந்தவர் அல்ல. அவருடைய 'த செவன் இயர் இட்ச்' (1952) நாடகத்தில், மனைவி ஊரில் இல்லாத நேரத்தில் கணவன் மாடிவீட்டுப் பெண்ணோடு உறவுகொள்கிறான். கதையின் மையமே அதுதான். 1955இல் மர்லின் மன்றோ நடித்துப் படமானபோது, தணிக்கை விதிகளால் அந்த உறவு வெறும் சபலமாகச் சுருங்கியது. பில்லி வைல்டரோடு சேர்ந்து அந்தத் திரைக்கதையை எழுதியவர் சாட்சாத் ஆக்ஸல்ராடேதான். அதே ஆண்டில்தான் ஏஜெண்ட் சாத்தானும் மேடையேறியது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் சுவாரஸ்யம். மன்றோவைக் கேலி செய்வதுபோல் அமைந்த நடிகைப் பாத்திரம் ரீட்டா மார்லோ. ஜேன் மேன்ஸ்ஃபீல்ட் ஒரு துண்டை மட்டும் சுற்றிக்கொண்டு அதில் தோன்றினார். பெண்ணுடலைச் சரக்காக்கும் தொழிலைக் கேலி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, அந்த உடலைக் காட்டி டிக்கெட் விற்றார்கள். பார்வையாளனுக்கு இரட்டை லாபம். பார்க்கவும் செய்யலாம், பார்ப்பவனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்யலாம். மன்றோவின் படங்களை எடுத்த ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், மேன்ஸ்ஃபீல்டையும் ஒப்பந்தம் செய்தது. நாடகத்தின் உரிமையையும் வாங்கியது. கேலிச்சித்திரமே புதுச் சரக்கானது.

1957இல் வெளிவந்த படத்தில் தலைப்பு இருந்தது, ரீட்டா மார்லோ இருந்தாள், சாத்தானைக் காணோம். இயக்குநர் ஃப்ராங்க் டாஷ்லின் கதையை விளம்பரத் துறைக்கும் தொலைக்காட்சிக்கும் நகர்த்திவிட்டார். அன்றைக்கு ஹாலிவுட்டின் கூட்டத்தை இழுத்துக்கொண்டிருந்த போட்டியாளன் தொலைக்காட்சி. ஆக, தன்னை நோக்கி நீண்ட விரலைக் காசு கொடுத்து வாங்கி, பக்கத்துக் கடையை நோக்கித் திருப்பிவிட்டது ஹாலிவுட். படம் மோசமில்லை, நன்றாகவே சிரிக்க வைக்கும். அதனால்தான் திருடு போனது யாருக்கும் தெரியவில்லை.

"எழுத்தாளனும் சாப்பிட வேணாமா?" என்று கேட்பீர்கள். தாராளமாகச் சாப்பிடட்டும். பிற்பாடு 'த மஞ்சூரியன் கேண்டிடேட்' (1962) போன்ற கூர்மையான படத்துக்கு ஹாலிவுட்டுக்குள் இருந்தபடியே திரைக்கதை எழுதியவரும் இதே ஆக்ஸல்ராட்தான். உள்ளே போவது குற்றமில்லை. விற்ற பத்துகளை எண்ணாமல் இருப்பதுதான் குற்றம். கேலி செய்வதே தன் நேர்மைக்குச் சான்று என்று நம்புகிறவன் ஒருநாளும் எண்ணமாட்டான்.

எழுத வருகிற தம்பி தங்கைகளே, அங்கத நாடகம் எழுதினால் தயாரிப்பாளரைக் கோமாளியாக்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். அவருக்கு அது வலிக்காது. முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார். எழுத்தாளனையும் மேடையேற்றுங்கள். எந்த வரியை, யாருக்கு, என்ன விலைக்கு விற்றான் என்று அவன் வாயாலேயே கணக்குச் சொல்லட்டும். அப்போது யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்போம்.