பட்டா யார் பெயரில்?

பஞ்சமி நிலம் தேடிப் போன தோழர்களுக்குத் தெரியும். வயலில் யார் நிற்கிறார் என்று பார்த்தால் போதாது. 'அ' பதிவேட்டைப் புரட்ட வேண்டும், வில்லங்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும், யார் யாருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் இப்போது மென்பொருளை வைத்து இதே தேடல் நடக்கிறது. அமெரிக்க நிறுவனங்களையே நம்பியிருக்கக் கூடாது என்று அங்குள்ள அரசுகளே பேசுகின்றன. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு மைக்ரோசாஃப்ட் ஆபீஸை விட்டு லிப்ரெஆபீஸுக்கு மாறி வருகிறது.

ஆனால் எது உண்மையில் ஐரோப்பியருடையது? ஸ்கைப்பை எழுதியவர்கள் எஸ்தோனியர்கள். 2005இல் ஈபே வாங்கியது, 2011இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2025 மே மாதம் மூடியே விட்டார்கள். ஓபரா பிரவுசர் நார்வேயில் பிறந்தது, தலைமையகம் இன்றும் ஆஸ்லோவில்தான். 2016இலேயே அது சீன முதலீட்டாளர்கள் கைக்குப் போய்விட்டது. பிறந்த ஊரும் பெயர்ப்பலகையும் உரிமையாளரைக் காட்டுவதில்லை.

'எங்கள் சர்வர் ஐரோப்பாவில் இருக்கிறது' என்பது இன்னொரு பசப்பு. அமெரிக்காவின் 2018 கிளவுட் சட்டப்படி, அந்நாட்டு நிறுவனம் தன் கட்டுப்பாட்டில் உள்ள தரவை, அது எந்த நாட்டில் இருந்தாலும், நீதிமன்ற ஆணை வந்தால் ஒப்படைக்க வேண்டும். 2025 ஜூனில் பிரெஞ்சு செனட் விசாரணையில் மைக்ரோசாஃப்ட் பிரான்ஸ் அதிகாரியிடம், பிரெஞ்சுக் குடிமக்களின் தரவு அமெரிக்காவுக்குப் போகாது என்று உறுதி தர முடியுமா எனக் கேட்டார்கள். முடியாது என்றார், சத்தியப் பிரமாணத்தின் பேரில்.

நமக்கென்ன என்று கேட்கலாம். உண்மை அறியும் குழு திரட்டும் வாக்குமூலங்கள், வன்கொடுமை வழக்குச் சாட்சிகளின் எண்கள், எல்லாம் யாரோ ஒருவரின் சர்வரில்தானே கிடக்கின்றன? அந்த யாரோ எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பது நம் கவலைதான்.

அதற்காக ஐரோப்பியப் பட்டா என்றாலே நிம்மதி என்று நாம் சொல்லவில்லை. புரோட்டான் சுவிஸ் நிறுவனம் (சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்பது வேறு கதை). 2021இல் பிரான்ஸ் கேட்டு, சுவிஸ் அதிகாரிகள் ஆணையிட, ஒரு காலநிலைச் செயல்பாட்டாளரின் ஐ.பி. முகவரியை அது கொடுக்க வேண்டியதாயிற்று. மாறாக, சிக்னல் அமெரிக்க அமைப்புதான். 2016இல் அங்கே ஒரு கிராண்ட் ஜூரி விவரம் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நாளையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர அதனிடம் கொடுக்க எதுவும் இல்லை. சாட்சிகளின் எண்களை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும்போது, உரிமையாளர் யார் என்பதோடு அவர் கையில் என்ன இருக்கிறது என்பதையும் கேட்போம்.