லைட் எரிந்ததும் சென்சாரைத் தூக்கில் போடாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். கார் வைத்திருப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

சொந்தக் காரில் சொந்தக் கையால் வேலை பார்ப்பது குற்றமில்லை. வேலை முடிந்த மறுநாள் டாஷ்போர்டில் ஸ்டீயரிங் லைட் எரிந்ததும், எதையும் சோதிக்காமல் "சென்சார் போயிடுச்சு" என்று தீர்ப்பு எழுதுவதுதான் குற்றம். அதை வீட்டு வாசலில் செய்தாலும் குற்றம்தான், ஏசி போட்ட ஒர்க்‌ஷாப்பில் செய்தாலும் குற்றம்தான்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவற்றில் ஒன்று குறையறி சோதனை. அதன் பிறகுதான் குறைதீர் கற்பித்தல். வரிசையை மாற்றக் கூடாது. 503-இல் 287-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 226 என்று எழுதும். சரியான விடை 216. தப்பு தெரிவது பத்தாம் இடத்தில். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பத்தில் எட்டைக் கழிக்க நன்றாகவே தெரியும். ஒன்றாம் இடத்துக்குக் கடன் கொடுத்த பிறகு அங்கே மீதி ஒன்பதுதான் என்பதை மறந்துவிட்டது. பிழை தெரியும் இடம் ஒன்று, பிழை பிறந்த இடம் இன்னொன்று. இது புரியாத ஆசிரியர் அந்தப் பிள்ளையைப் பத்து முறை இம்போசிஷன் எழுத வைப்பார். இது புரியாத மெக்கானிக் உங்கள் ஸ்டீயரிங் காலத்தையே கழற்றி எறிவார்.

இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலும் மின்சார பவர் ஸ்டீயரிங்தான். உள்ளே ஒரு சிறு எஃகுத் தண்டு இருக்கிறது. நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அது மிகச் சிறிதளவு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை அளப்பது டார்க் சென்சார். அந்த அளவையும் வண்டியின் வேகத்தையும் பார்த்து, எவ்வளவு உதவ வேண்டும் என்று கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டாருக்கு ஆணையிடும். பல கார்களில் ஸ்டீயரிங் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்று சொல்ல ஆங்கிள் சென்சார் தனியாக உண்டு. அந்த மோட்டார் நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது பல பத்து ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். வோல்டேஜ் கொஞ்சம் சரிந்தாலும் பெட்டி உதவியை நிறுத்திவிட்டு லைட்டைப் போட்டுவிடும். சென்சார் முழு ஆரோக்கியமாக இருக்கும்போதே இது நடக்கும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று நம் குடும்பக் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். என் தம்பி மகன் தன் காருக்குத் தானே புது பேட்டரி மாட்டினான். மறுநாள் லைட் எரிந்தது, ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. ஓர் ஒர்க்‌ஷாப்பில் பார்த்தவுடனே, "டார்க் சென்சார் அவுட். தனியா வராது, காலம் அசெம்பிளியே மாத்தணும்" என்று முப்பதாயிரத்துக்கு மேல் எஸ்டிமேட் கொடுத்தார்கள். எத்தனை வோல்ட் இருந்தது என்று அவன் கேட்டிருக்கிறான். பதில் இல்லை. பிறகு மெக்கானிக்காக இருக்கும் நம் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் மல்டிமீட்டருடன் வந்தார். பழைய பேட்டரியின் முனை தடிமன், புதியதன் முனை மெலிது. கிளாம்பை எவ்வளவு முறுக்கினாலும் நெகட்டிவ் பக்கம் இறுகவே இல்லை. பொருத்தமான கிளாம்ப் போட்டதும் லைட் அணைந்தது. செலவு இருநூறு ரூபாய்க்குள்.

இதற்குள் குழுவில் இரண்டு கட்சி கட்டிவிட்டார்கள். "தெரியாத வேலையில் கை வைத்தால் இப்படித்தான்" என்பது பெரியவர்கள் கட்சி. "ஆன்லைனில் சென்சார் கிடைக்கும், மாட்டிவிடலாம், வீடியோ அனுப்புகிறேன்" என்பது இளையவர்கள் கட்சி. எனக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு கட்சியிலும் சோதித்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

பெரியவர்களுக்கு ஒரு கேள்வி. பையன் கை வைத்தது தப்பென்றால், சோதிக்காமல் முப்பதாயிரம் கேட்டது என்ன? அவன் செய்த வேலையில் ஒரு குறை இருந்தது. அதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்க முடிந்தது. கண்டுபிடிக்க யாரும் முயலவில்லை என்பதல்லவா கோபப்பட வேண்டிய விஷயம்?

இளையவர்களுக்கு: ஸ்கேனரில் வரும் கோடு என்பது புகார் மனு. விசாரணை இனிமேல்தான். 'யு 0126' என்று வந்தால், ஆங்கிள் சென்சார் பகுதியிலிருந்து தகவல் வரவில்லை என்று பொருள். அதற்கு வயர் அறுந்திருக்கலாம், கனெக்டர் சரியாக உட்காராமல் இருக்கலாம், ஃப்யூஸ் போயிருக்கலாம். வகுப்பில் ஒரு பிள்ளையிடமிருந்து பதில் வரவில்லை என்றால் அவன் ஊமை என்றா முடிவு கட்டுவோம்?

நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்ட வரிசை இதுதான்.

1. கடைசியாக எதைத் தொட்டீர்களோ அங்கிருந்து தொடங்குங்கள். பேட்டரி, ஸ்டீரியோ, டை ராட், சஸ்பென்ஷன், எதுவானாலும் சரி. நேற்று வரை நன்றாக இருந்த வண்டி இன்று கெட்டிருந்தால் நேற்றைய வேலைதான் முதல் சாட்சி.

2. வோல்டேஜ் பாருங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது நல்ல பேட்டரி சுமார் 12.6 காட்டும். ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.5 வரை இருக்கும். ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் பாடியின் பெயின்ட் இல்லாத இரும்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் இணைப்பைச் சந்தேகியுங்கள்.

3. ஃப்யூஸ், கனெக்டர். கழற்றியதைத் திரும்ப மாட்டும்போது 'டிக்' சத்தம் கேட்டதா? உள்ளே பச்சைக் களிம்பு உண்டா? பின் வளைந்திருக்கிறதா?

4. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில கார்களில் ஆங்கிள் சென்சாருக்கு நடுப்புள்ளி மறந்துவிடும். இடது கோடி, வலது கோடி திருப்பினாலோ சிறிது தூரம் ஓட்டினாலோ லைட் தானாக அணையும். உரிமையாளர் கையேட்டில் பாருங்கள். டை ராட் மாற்றினாலோ அலைன்மென்ட் செய்தாலோ பல கார்களில் ஸ்கேனர் வைத்துத்தான் பூஜ்யத்தைப் பதிய வேண்டும்.

5. சரியான ஸ்கேனர் வேண்டும். மலிவான புளூடூத் கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். அதில் "நோ கோட்" என்று வந்தால் ஸ்டீயரிங் நலம் என்று அர்த்தமில்லை. கோடை அழிக்கும் முன் எழுதி வையுங்கள். எழுதாமல் அழிப்பவன் சாட்சியைக் கொல்கிறான்.

6. இவ்வளவுக்கும் பிறகே சென்சார். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தால் டார்க் அளவு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். இடமும் வலமும் திருப்பினால் இருபக்கமும் ஒரே சீராக ஏற வேண்டும். அப்படி இல்லாவிட்டால் அப்போது சென்சார் மீது வழக்குப் போடுங்கள், நானே கையெழுத்திடுகிறேன்.

பெரிய செலவுக்கு முன் இன்னொன்றும் பாருங்கள். ஸ்டீயரிங் டை ராடில் குறை இருக்கலாம் என்று 2023 ஜூலையில் மாருதி நிறுவனம் எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகள் 87,599-ஐத் திரும்ப அழைத்தது. உங்கள் சேசிஸ் எண் இப்படி ஏதாவது பட்டியலில் இருந்தால் அந்தச் செலவு உங்களுடையது அல்ல.

ஓர் எல்லையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங் சக்கரத்தையோ காலத்தையோ வீட்டில் கழற்றாதீர்கள். அங்கே ஏர்பேக் இருக்கிறது. அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் வயர், தண்டு தவறிச் சுற்றினாலே அறுந்துவிடும். தண்டின் இணைப்பு போல்ட் சரியாக இறுகாவிட்டால் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது. அளப்பது நம் வேலை, அதைப் பிரிப்பது தேர்ந்தவர் வேலை.

"லைட்தானே, பிறகு பார்க்கலாம்" என்பவர்களுக்கு: மின்சார உதவி போனாலும் ஸ்டீயரிங் சக்கரத்தோடு இணைந்துதான் இருக்கும், திருப்ப முடியும். ஆனால் வளைவின் நடுவில் திடீரென்று கனத்தால்? ஓட்டுவது அறுபது வயதுக்காரர் என்றால்? பின்சீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால்? கோடை அழித்துவிட்டு ஊருக்குக் கிளம்புவது வீரமல்ல.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் மாணவர்களே, உங்களில் பலர் நேர்மையானவர்கள் என்பது எனக்குத் தெரியும். பில்லில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: எதைச் சோதித்தோம், எவ்வளவு வந்தது. கணக்கில் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! வாடிக்கையாளர்களும் விடையை மட்டும் வாங்காமல் வழிமுறையைக் கேட்டு வாங்குங்கள். காட்ட மறுத்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

தொழில் தெரிந்தவர்கள் கருத்துப் பகுதியில் சேர்க்க வேண்டியதைச் சேருங்கள். பயன்படும் என்று நினைப்பவர்கள் பகிரலாம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்