தினமா? வாரமா?

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னல். எதிரே நீண்ட கியூ. ஓர் அம்மாள் சீட்டை நீட்டுகிறார். அவருக்கு மூட்டுவாதம். உள்ளே இருப்பவர் இரண்டு காகித உறைகளைத் தள்ளுகிறார்.

"இது வாரத்தில் ஒரு நாள். அது மற்ற நாட்களில். அடுத்த ஆள்!"

"எது தம்பி, வாரத்துக்கு?" என்று அம்மாள் கேட்பதற்குள், பின்னால் நின்றவர் முன்னால் வந்துவிடுகிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், இப்படி ஒன்றைப் பார்க்காதவர் யார்? அம்மாளின் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? உயிரே போகலாம்!

மஞ்சள் மாத்திரை

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் ஒரு மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்சேட். இதை மூட்டுவாதக்காரர்கள் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். இந்த மருந்தினால் வரும் தொல்லைகளைக் குறைக்க, போலிக் ஆசிட் என்ற சத்து மாத்திரையும் கொடுப்பார்கள். அதை மற்ற நாட்களில் சாப்பிடச் சொல்வது உண்டு.

இரண்டும் சின்ன மாத்திரைகள். இரண்டும் மஞ்சள் நிறமாகவே இருப்பதும் உண்டு.

மாறிவிட்டால்? வாரத்தில் ஒரு நாள் சாப்பிட வேண்டிய மருந்தைத் தினமும் சாப்பிட நேரும். வாய் புண்ணாகும். உடம்பில் புது ரத்தம் ஊறுவது குறையும். காய்ச்சல் வரும். உடனே கவனிக்காவிட்டால் மரணம்! இப்படி உயிர் இழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு.

டாக்டர் எழுதியது சரி. கொடுத்த மாத்திரையும் சரி. விளக்கிச் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தைதான் தவறிப்போயிற்று.

பெயரும் ஏமாற்றும்

மருந்தின் பெயரும் ஆளை ஏமாற்றும். அமெரிக்காவில் லோசெக் என்று ஒரு மருந்து வந்தது. வயிற்றுப் புளிப்பைக் குறைப்பது. லாசிக்ஸ் என்று வேறொரு மருந்து ஏற்கெனவே இருந்தது. அது சிறுநீரை அதிகம் போகச் செய்வது. கிறுக்கல் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. குழப்பம் வந்தது. 1990-ம் ஆண்டில் லோசெக்கின் பெயரையே பிரிலோசெக் என்று மாற்றினார்கள்!

நம் நாட்டிலும் இதைக் கவனித்தார்கள். மருந்தின் பெயரைப் புரியும்படி, கூடிய வரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-ல் டாக்டர்களுக்குக் கூறியது.

கடைசி ஜன்னல்

தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்க 1994-ம் ஆண்டில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. வாங்கும் மருந்தில் மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். தேறிய மருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போகும்.

ஆக, குடோன் வரை காவல் இருக்கிறது. அந்த ஜன்னலில் மட்டும் காவல் தளரலாமா?

மருந்தைப் பற்றி நோயாளிக்கு எடுத்துச் சொல்வது மருந்தாளுநரின் கடமை. 2015-ம் ஆண்டு விதிகளே இப்படிக் கூறுகின்றன. கடமையைச் செய்ய நேரம் வேண்டாமா? வரிசை தெரு வரை நீண்டு நிற்கும்போது, ஒருவர் எத்தனை பேரிடம் பேச முடியும்?

தவறு நடந்தால் அவரைத் திட்டுகிறோம். தண்டிக்கிறோம். அதைப் பார்த்த அடுத்தவர் தம் தவறை மூடி மறைக்கிறார். மறைத்த தவறு மறுபடியும் வரும். அதனால் ஆளை மட்டும் பார்த்தால் போதாது. ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

உலக சுகாதார நிறுவனம் 2017-ம் ஆண்டு மார்ச் மாதம், "தீங்கு இல்லாத மருந்து" என்ற இயக்கத்தைத் தொடங்கியது. மருந்துத் தவறுகளால் உலகத்துக்கு ஆண்டுதோறும் 4,200 கோடி டாலர் நஷ்டம் என்று அது அப்போது கணக்கிட்டது. ஆனால், இதைத் தடுக்கும் வழிகள் பலவற்றுக்கு அதிகச் செலவு இல்லை.

வாரம் ஒருமுறை மருந்து என்றால், உறையின் மேல் "ஞாயிறு மட்டும்" என்று தமிழில் பெரிதாக எழுதட்டும். ஒன்றுபோல் தோன்றும் மருந்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்காமல் பிரித்து வைக்கட்டும். இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றை, கொடுக்கும் முன் இன்னொருவரும் ஒரு முறை சரிபார்க்கட்டும். பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும்படி அட்டையை வெட்டிக் கொடுக்க வேண்டாம். தவறுகளை எழுதி வைக்க ஒரு நோட்டு இருக்கட்டும். எழுதியவருக்குத் தண்டனை கூடாது.

இவ்வளவுக்கும் மேலாக, ஜன்னலில் போதிய ஆட்கள் வேண்டும். இதற்குச் சர்க்கார் பணம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். மருந்து வாங்கக் கோடிகளைச் செலவிட்டுவிட்டு, அதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை என்றால், அந்தச் செலவுக்கு என்ன பயன்?

நீங்களும் கேளுங்கள்

வாசகர்களே! உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஜன்னலை விட்டு நகரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இது எதற்கு? எப்போது சாப்பிட வேண்டும்? எத்தனை நாளைக்கு? அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். தவறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்! அடுத்த நிமிடம் அதே ஜன்னலில், அதே கேள்வியைக் கேட்க வேண்டியவர் அவர்தானே?