நூலகம் எழுப்புவோர் நோக்குக!

வீட்டுவரிச் சீட்டை ஊன்றிப் பார்ப்பவர் நம்முள் சிலரே. பார்ப்பின், வரியில் உருபாவுக்கு 10 காசு நூலக வரியாக நம்மிடம் தண்டப்பெறுவது தெரியவரும். சீர்காழி அரங்கநாதனாரின் அயரா உழைப்பால் 1948-இல் பிறந்த சென்னைப் பொதுநூலகச் சட்டத்தின் வழிவந்த ஏற்பாடு அது. எனவே, ஊர் நூலகம் ஆட்சியாளர் நமக்கு இரங்கி இடும் கொடையன்று. நம் காசில் நமக்கு அமைவது. அவ்வாறிருந்தும், இருண்ட ஓர் அறையையோ மழை ஒழுகும் குடிக்கூலி வீட்டையோ காட்டி ‘இதுவே நூலகம்’ எனும் நிலை பல ஊர்களில் இன்னும் மாறவில்லை. உள்ளாட்சிகள் தண்டிய வரி நூலக ஆணைக்குழுவின் கைக்குக் காலத்தில் வந்து சேர்வதில்லை என்னும் முறையீடோ மிகப் பழையது.

இந்நிலையில் எங்கேனும் ஓர் ஊரில் புதுக்கட்டடம் எழுகின்றது என்றால் மகிழ்கின்றோம். ஆனால், எழுவது எத்தகைய கட்டடம்?

கோட்டூர்புரத்தில் 2010-இலும் மதுரையில் 2023-இலும் திறக்கப்பெற்ற பெருநூலகங்களை யாம் குறைகூற வரவில்லை. பெருநகர்க்குப் பெருமனை வேண்டுவதே. முன்னதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க 2011-இல் அற்றை அரசு முனைந்தபோது, உயர் வழக்குமன்றத்தின் படியேறித் தடுத்தவர்கள் பொதுமக்களே என்பதையும் மறவோம். எனினும், அப்பெருமனையின் குறும்படியை ஊர்தோறும் கண்ணாடியில் நிறுத்த எண்ணுவது அறியாமை. கண்ணாடிச் சுவர் குளிர்நாட்டாரின் தேவை. அங்குக் கதிரவன் அருமையாக வருபவன். இங்கு அவன் அழையாமலே வந்து அமர்பவன்! மேற்குப் பார்த்த கண்ணாடி பிற்பகல் முழுதும் வெயிலை உள்ளே கொணர்ந்து குவிக்கும். அதை வெளியேற்றக் குளிர்பொறி வேண்டும். குளிர்பொறிக்கு மின்கட்டணம் வேண்டும். சிற்றூர் நூலகத்துக்கு அது கட்டுப்படியாகுமா? பகலில் குளிர்பொறியை இயக்கி இரவில் நிறுத்திவிட்டால் கேடு இன்னும் மிகுதி. குளிரும் வெம்மையும் மாறி மாறி வர, தாள் ஈரம் உண்டு பூசணம் பூக்கும். காசையும் கொடுத்து நூலையும் இழப்பதற்கு ஒரு கட்டடமா?

நம் முன்னோர் வீடுகளைப் பாருங்கள். நடுவே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தடித்த சுவர், உயர்ந்த கூரை. வெப்பக்காற்று மேலேறி வெளியே போக வழி. இவற்றையே இற்றைப் பொறியியலும் ஒப்புகின்றது. நூலகத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கட்டும். வடபுறப் பலகணி வழி வரும் ஒளியில் கண் கூசாது படிக்கலாம். மேற்குப்புறத்தில் படிக்கட்டையும் கழிப்பறையையும் பண்டசாலையையும் வைத்துவிட்டால், வெயிலை அவை தாங்கிக்கொள்ளும். மேல்தளத்துக்கு வெண்சுண்ணாம்பு, அதன்மேல் கதிரவ மின்தகடு, விளக்குக்கும் விசிறிக்கும் அது போதும். கூரைநீரைச் சேர்ப்பது 2003 முதல் தமிழ்நாட்டுக் கட்டடங்களுக்குக் கட்டாயமாயிற்று. தொட்டியைப் பெயரளவுக்குக் கட்டாமல் உண்மையாகக் கட்டுக. 2015 திசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நனைந்து கூழான நூல்களை எண்ணி, தரைமட்டத்தை உயர்த்துக. அடுக்குகளைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி நிறுத்தினால் காற்றும் புகும், கரையானும் கண்ணுக்குத் தெரியும். சுவடிக்கட்டில் வசம்பு வைத்தவர்களின் வழிவந்த நமக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கம்.

கட்டடத்தினும் பெரியவர் அதனுள் வருவோர். காலையில் நாளிதழ் படிக்க வரும் முதியவர்க்குத் திண்ணையே போதும். அவர்க்குப் படியேற்றம் வேண்டா, சாய்தளம் வேண்டும். வேலைக்கான தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்க்கு நீண்ட அமைதியான கூடம் வேண்டும். பெண்களுக்குத் தாழிடக்கூடிய தூய கழிப்பறை வேண்டும். அஃதில்லா நூலகத்தில் பெண்கள் ஏன் வருவதில்லை என ஆராய்ச்சி செய்ய வேண்டுவதில்லை. உழைப்பாளி கதிர் சாய்ந்த பின்னரே வரமுடியும்; அவன் வரும்போது கதவு பூட்டியிருந்தால் அவன் கட்டிய 10 காசு யாருக்கு? 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபையார் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். மின்னாற்றலும் உந்தும் இல்லாத அந்நாளில் அது முடிந்தது.

உள்ளே பட்டியல் தமிழில் இருத்தல் வேண்டும். கணிப்பொறியில் தமிழ்நூற் பெயரை ஆங்கில எழுத்தில் பதிந்தால் ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாய்க் குழம்பும். தமிழ்நாட்டு நூலகத்தில் தமிழ்நூலைத் தேட ஆங்கில எழுத்தைத் தட்டுவதா?

நிலைபேறு என்பது காற்றோடும் கதிரோடும் முடிவதன்று. அரங்கநாதனாரின் அறிவுரையும் பெற்றுத் தமிழர் தம் பொருளால் எழுப்பிய யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை, 1981 மே 31 இரவில் சிங்களக் காவலரும் கும்பலும் எரித்தனர். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. கட்டடம் பின்னர் மீண்டும் எழுந்தது. ஒற்றைப்படியாய் இருந்த சுவடிகள் எழவில்லை. ஈழத்து இளைஞர் 2005-இல் ‘நூலகம்’ என்னும் பெயரிலேயே மின்வழித் தொகுப்பைத் தொடங்கியதன் அருமை அப்போதுதான் விளங்கும். எனவே, அரிய நூல் எதுவாயினும் அதன் மின்படி வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும்.

அவ்வரிய நூல்கள் எவை? மறைமலையடிகள் தாம் தொகுத்த நூல்களைத் தமிழ்மக்களுக்கே உரிமையாக்கிச் சென்றார். அவை 1958-இல் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையமாயின. அவரைப்போல் பேணுவோர் வாய்க்காமல், ஊர்தோறும் அச்சான சிறுநூல்களும் மாநாட்டு மலர்களும் கிளர்ச்சித் துண்டறிக்கைகளும் எடைக்குப் போயின. இவ்விதழ் போன்றவையும் அவ்வழியே போகின்றன. ஊர் நூலகத்தில் ஓர் அறை இவற்றுக்கென ஒதுக்குக.

உங்கள் ஊரில் கால்கோள் நிகழுமுன்பே வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மேற்கே கண்ணாடி இருந்தாலும், அந்த ஓர் அறை இல்லாவிட்டாலும், மாவட்ட நூலக அலுவலர்க்கு எழுத்தில் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், படியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.